பாடகரின் பங்கு: சமூகக் கலைப் பயிலரங்குகளைக் குறித்துச் சில சிந்தனைகள்

திருச்சபைகளிலும் இறையியல் கல்லூரிகளிலும் ‘கலைப் பயிலரங்கு’ என்னும் சொல் பெருவழக்காகிவிட்டது. வாலிபர் ஐக்கியத்திற்குத் தெருநாடகப் பயிற்சி, பெண்கள் ஐக்கிய சங்கத்திற்குக் கும்மிப் பாட்டுப் பயிற்சி, விடுமுறை வேதாகமப் பள்ளிச் சிறுவர்க்குப் பொம்மை செய்யும் பயிற்சி என ஆண்டுதோறும் ஏதேனும் ஒன்றை நடத்துகிறோம். மூன்று நாள் பயிற்சி, நிறைவு நாளில் ஒரு நிகழ்ச்சி, பிறகு ஓர் அறிக்கை என்பது அதன் ஒழுங்கு. இவற்றைக் குறைகூறுவது நம் நோக்கமன்று. சபைக்கூட்டத்தில் வாய்திறவாதிருந்த வாலிபர் பலர் இவற்றால் பேசக் கற்றனர் என்பதை நாமே கண்டிருக்கிறோம். ஆயினும், மூன்று நாள் நமக்குக் கற்பித்த கலைஞர் நான்காம் நாள் எங்கே போகிறார், எதை உண்கிறார் என்ற வினாவை நாம் எழுப்புவதில்லை. சங்ககிரி வட்டாரத்தில் நமக்கு நேர்ந்த அனுபவம் ஒன்று இவ்வினாவை நம்முன் கொண்டுவந்து நிறுத்தியது.

சங்ககிரியை அறியாதோர் தமிழகத்தில் மிகச் சிலரே. தீரன் சின்னமலை 1805ஆம் ஆண்டில் தூக்கிலிடப்பட்ட மலைக்கோட்டை அது. கோட்டைக்குக் கீழே இன்று காண்பது லாரித் தொழில். லாரி வைத்திருப்போர், ஓட்டுவோர், பழுது பார்ப்போர், கூண்டு கட்டுவோர் என்று ஊரே அத்தொழிலைச் சூழ்ந்து வாழ்கிறது. சிமெண்டு ஆலை ஒன்றும் உண்டு. எடப்பாடி, குமாரபாளையம், பள்ளிபாளையம், திருச்செங்கோடு என்று எத்திசையில் சென்றாலும் விசைத்தறியின் ஓசை காதில் விழும். சேலம், நாமக்கல் என்று 1997இல் மாவட்டம் இரண்டானபோதும் இச்சமவெளியின் வாழ்க்கை ஒன்றே. வானம் பார்த்த நிலமும் தறியும் லாரியும் இம்மக்களின் பிழைப்பு. இவற்றுக்கிடையே, திருவிழாக் காலத்து இரவுகளில் விடியும்வரை கூத்து நடக்கும் நிலமும் இதுவே.

கூத்துச் செட்டு என்று இம்மக்கள் அழைக்கும் குழுவில் பயிற்சி நடைபெறும் முறையை இறையியல் மாணவர் ஊன்றிக் கவனித்தல் நலம். அங்கே பாடத்திட்டம் இல்லை. சிறுவன் ஒருவன் வாத்தியாரோடு ஊர் ஊராகப் போகிறான். பெட்டி தூக்குகிறான், திரை பிடிக்கிறான், பின்பாட்டுப் பாடுகிறான். அரிதாரம் குழைக்கும் பக்குவம் கைக்கு வருகிறது. ஓர் இரவு வேடக்காரர் ஒருவர் வராமற் போகிறார். அன்று இவன் சிறு வேடம் கட்டுகிறான். பல ஆண்டுகளுக்குப் பின்னரே கட்டையும் கிரீடமும் அணிந்து இராச வேடத்தில் நிற்கிறான். இன்ன நாளில் பயிற்சி முடிந்தது என்று எவரும் சான்றிதழ் தருவதில்லை. இவ்வாறு உருவாகும் ஒருவரை அழைத்து வந்து, ‘மூன்று நாளில் எங்கள் பிள்ளைகளுக்குக் கூத்துக் கற்றுத் தாருங்கள்’ என்று நாம் கேட்பது, வேதாகமக் கல்லூரியின் நான்காண்டுப் படிப்பை ஒரு வாரத்தில் நடத்தச் சொல்வதைப் போன்றதே. அவர்கள் நகைப்பதில்லை; நம்மிடம் மரியாதை காட்டுகிறார்கள்.

அப்படித்தான் நாமும் கேட்டோம். குருசேகரம் ஒன்றின் வாலிபர் இருபது பேர். சில குடும்பங்களில் தாயும் மக்களும் சேர்ந்தே வந்திருந்தனர். கூத்து வாத்தியார் ஒருவரும் மிருதங்கக்காரர் ஒருவரும் வந்தனர். கெட்ட குமாரன் உவமையைக் கூத்தாக அமைப்பது என்று நாம் முன்னரே முடிவு செய்து, உரையாடல்களையும் எழுதிக்கொண்டு போயிருந்தோம். வாத்தியார் கதையை ஒருமுறை சொல்லக் கேட்டார். பின்னர் அவர் கேட்ட முதல் வினா, “யாருக்கெல்லாம் திரை பிடிக்கோணும்?” என்பது.

கூத்தில் முதன்மை வேடம் ஒவ்வொன்றும் திரைக்குப் பின்னிருந்து தோன்றுவது மரபு. திரையை இருவர் பிடித்து நிற்க, வேடம் மறைவிலிருந்தே பாடித் தன் வரவை உணர்த்தும். பின்னரே திரை விலகும். கோமாளி எதிர்நின்று ‘நீர் யார், எங்கிருந்து வருகிறீர்’ என்று வினவ, வேடம் தன் பெருமையைத் தானே கூறும். தகப்பனுக்கும் இளைய மகனுக்கும் திரை பிடித்தால் போதும் என்றோம். வாத்தியார் உடன்படவில்லை. மூத்தவன் இல்லாமல் வழக்கு எப்படி முடியும் என்றார். அவனுக்கே பெரிய கிரீடம் வைத்தார். அவன் வரவுக்கே நீண்ட பாட்டு அமைத்தார். கோமாளி அவனை மறித்து, வீட்டுக்குள் மேளம் கேட்கிறதே, நீர் ஏன் வெளியே நிற்கிறீர் என்று கேட்டபோது, வேடம் கட்டிய வாலிபன் விடை தெரியாமல் திகைத்தான். எழுதி வைத்த உரையில் அதற்கு விடையில்லை. லூக்கா 15ஆம் அதிகாரத்திலும் இல்லை. மூத்தவன் உள்ளே சென்றானா என்பதைச் சொல்லாமலேயே உவமை நின்றுவிடுகிறது. இதனை நாம் வகுப்பறையில் பலமுறை கற்பித்திருக்கிறோம். ஆயினும் திரை விலகி ஒருவன் வெளியே நிற்கக் கண்டபோதுதான், சபையின் பெரும்பகுதியும் அவனோடு வெளியே நிற்பதை உணர்ந்தோம். கலையை நற்செய்தியின் வாகனம் என்று நாம் சொல்லிவருவது எத்துணைக் குறுகிய கருத்து! அன்று கூத்து எதையும் சுமந்து வரவில்லை. வேதத்தை வாசித்துக் காட்டியது.

நிறைவு நாளில் கைதட்டல் மிகுதி. வாத்தியாருக்குப் பொன்னாடை போர்த்தினோம். பேருந்துக் கட்டணத்தோடு சிறு தொகையும் ஓர் உறையில் வைத்துக் கொடுத்தோம். அவர் விடைபெறும்போது, “அடுத்த வாரமும் வரோணுங்களாய்யா? வரோணும்னா தறிக்காரர்கிட்ட இப்பவே சொல்லிப் போடோணும்” என்றார். அவர் இரவு முறையில் தறி ஓட்டுகிறவர் என்பதும், மூன்று நாள் கூலியை இழந்து நம்மிடம் வந்திருந்தார் என்பதும் அப்பொழுதுதான் நமக்குத் தெரிந்தது. உறையிலிருந்த தொகை அக்கூலிக்கு ஈடாகாது. அவர் மகன் லாரிக்குப் போகிறான், கூத்துக்கு வரவில்லை. அடுத்த வாரத்தைப் பற்றி நம்மிடம் திட்டம் எதுவும் இல்லை. இந்தப் பிழைக்கு நாமே பொறுப்பு.

எருசலேமுக்குத் திரும்பி வந்த நெகேமியா கண்ட காட்சி இதுவே. லேவியருக்குரிய பங்குகள் கொடுக்கப்படாமையால், பணிவிடை செய்துவந்த லேவியரும் பாடகரும் அவரவர் வயல்களுக்கு ஓடிப்போயிருந்தனர் (நெகேமியா 13:10). அவர்கள் பக்தி குன்றி ஓடினர் என்று நூல் சொல்லவில்லை. நெகேமியா கடிந்துகொள்வது பாடகரையன்று, தலைவர்களையே. செருபாபேலின் நாட்களில் பாடகருக்கு அன்றன்றைய பங்கு கிடைத்துவந்தது என்பதை முந்திய அதிகாரம் (12:47) குறித்து வைத்திருப்பதும் நோக்கற்பாலது. நம் சமவெளியில் வயலுக்கு மாறாகத் தறி, அவ்வளவே வேறுபாடு.

இவ்விடத்தில் இரண்டு தடைகள் எழுப்பப்படுவதை அறிவோம். கூத்து அம்மன் கோயிலோடும் அருள்வருதலோடும் பிணைந்தது. திருமுழுக்குப் பெற்றோர் அதனைத் தொடலாமா என்பது முதலாவது. 1827இல் இலண்டன் மிஷன் சேலத்தில் பணி தொடங்கிய காலந்தொட்டு இவ்வையம் உண்டு. அதனை அறியாமை என்று தள்ளிவிடுதல் தகாது; பலவீனமான மனச்சாட்சியைப் பற்றிப் பவுல் எழுதியது நமக்கும் உரியது. ஆனால் கலைவடிவங்களை ஏற்பதில் நம் முன்னோர் எல்லோரும் ஒரே கருத்தினர் அல்லர். தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் (1774-1864) குறவஞ்சி என்னும் ஆடல்சார் இலக்கிய வடிவத்தையே எடுத்துப் ‘பெத்தலேகம் குறவஞ்சி’ பாடினார். எவரும் அதனை இன்று ஐயுறுவதில்லை. கருநாடக இசைக் கீர்த்தனை ஆலயத்துள் எளிதாக நுழைந்தது. பறையும் கூத்தும் வாயிலிலேயே நின்றன. இவ்வேறுபாட்டிற்குச் சமயம் மட்டுமே காரணம் என்று கூறுவதற்கில்லை. சாதியும் காரணம்.

இதனை வெளிப்படையாகக் கூறியவர்களுள் மதுரை அரசரடித் தமிழ்நாடு இறையியல் கல்லூரியில் பணியாற்றிய தியோபிலஸ் அப்பாவு (1940-2005) குறிப்பிடத்தக்கவர். ‘பரட்டை’ என்ற பெயரால் மாணவர் நெஞ்சில் நிற்பவர். கருநாடக இசையில் பாட்டுக் கட்டிய அவர், பின்னர் நாட்டுப்புற இசைக்குத் திரும்பி, வழிபாட்டு முறை முழுவதையுமே அவ்விசையில் அமைத்தார். பாடுகிறவர் தமக்கேற்ப மாற்றிப் பாட இடமளிப்பது நாட்டுப்புறப் பாட்டு. ஆகவே ஒடுக்கப்பட்டோர் தம் இறையியலைத் தாமே ஆக்கிக்கொள்ள அதுவே தக்க கருவி என்பது அவர் கருத்து. ஓர் அடுப்பில் சமைத்துப் பகிர்ந்துண்ணும் ஒரே குடும்பமாக மக்களை அவர் கண்டது, குடும்பங்களோடு கலைப்பணி செய்வோர் மறக்கலாகாத ஒன்று.

இரண்டாம் தடை இதனினும் ஆழமானது. அதனைக் கல்லூரியில் இருக்கும் நாம் போதிய அளவு செவிமடுத்ததில்லை. பயிலரங்கில் பறை கற்பிக்கப் போகிறோம் என்றபோது தகப்பன் ஒருவர் மகனை அனுப்ப மறுத்தார். அவருடைய தந்தை சாவுக்குப் பறை அடிக்கக் கட்டாயப்படுத்தப்பட்டவர்; அதிலிருந்து விடுபடவே சபைக்கு வந்தவர். ‘அவர் இறக்கி வைத்ததை என் மகன் கழுத்தில் நீங்கள் மாட்டுவீர்களா’ என்பது அவர் வினா. விடுதலையின் இசைக்கருவி என்று நாம் பறையைப் பாராட்டிப் பேசுகிறோம். அது உண்மையே. ஆனால் மாணவர் விடுதியிலிருந்து அதனைச் சொல்வதற்கும், அத்தகப்பனின் தெருவிலிருந்து சொல்வதற்கும் இடைவெளி உண்டு. அவ்வாலிபனை நாம் வற்புறுத்தவில்லை. அவன் ஆர்மோனியம் பழகினான். பிற்பாடு பறைமீது கைவைக்க விரும்பினால் அது அவன் உரிமை. தகப்பனோடு அவன் பேசித் தீர்க்கவேண்டியது.

பயிலரங்கு என்னும் முறை தமிழ் நாடகத்திற்குப் புதியதன்று. 1977இல் காந்திகிராமத்தில் நடந்த நாடகப் பயிலரங்கும், 1980இல் பாதல் சர்க்கார் சோழமண்டலத்தில் நடத்திய பயிலரங்கும் நவீன நாடகக்காரர் பலருக்கு வழிகாட்டின. யாழ்ப்பாணத்தில் நீ. மரிய சேவியர் அடிகளார் 1965இல் தொடங்கிய திருமறைக் கலாமன்றம், கத்தோலிக்கத் திருச்சபையின் மடியில் பிறந்து, திருப்பாடுகளின் நாடகத்தையும் நாட்டுக்கூத்தையும் போர்க்காலத்திலும் விடாது வளர்த்தது. அங்கே கலை பருவத்திற்கொரு முறை வந்துபோகும் விருந்தாளியாக இருக்கவில்லை என்பதே நாம் கற்கவேண்டியது.

ஆயினும் நம் வினாவுக்கு மிக நெருங்கிய முயற்சி காஞ்சிபுரத்தை அடுத்துள்ள புஞ்சரசந்தாங்கலில் நடந்தது. கூத்துக் கலைஞர் பெ. இராஜகோபாலும் ஆய்வாளர் அன்னா டி புருயினும் பிற கலைஞரோடு சேர்ந்து 1990இல் கட்டைக்கூத்துச் சங்கத்தை அமைத்தனர். ‘தெரு’ என்ற அடைமொழி தம் கலையைத் தாழ்த்துகிறது என்று கருதிய கலைஞர், வேடத்தின் மர அணிகளாகிய கட்டைகளால் அதற்குப் பெயரிட்டனர். (தெருநாடகம் என்று நாம் பெருமையோடு வழங்கும் சொல் கூத்தர் செவியில் எவ்வாறு ஒலிக்கும் என்று நாம் எண்ணியதுண்டோ?) அவர்கள் 2002இல் ஒரு குருகுலம் தொடங்கினர். கூத்துக்குச் சென்ற சிறுவர் பள்ளியை இழந்தனர், பள்ளிக்குச் சென்றோர் கூத்தை இழந்தனர் என்ற முட்டுப்பாட்டை உடைப்பதே அதன் நோக்கம். அங்கே தங்கிய பிள்ளைகள் கூத்தும் பள்ளிக்கல்வியும் ஒருங்கே பெற்றனர். ஆடவர் மட்டுமே ஆடிவந்த கலையில் சிறுமியரும் வேடம் கட்டினர். அக்குருகுலம் 2020இல் மூடப்பட்டது. பதினெட்டு ஆண்டு நடந்த பள்ளியே நிலைபெற இயலவில்லை எனில், நம் மூன்று நாட்கள் எம்மாத்திரம்!

நம் சமவெளியிலேயே, மேட்டூர் வட்டத்து ஏர்வாடியில் ‘மணல்வீடு’ இதழை நடத்திய மு. ஹரிகிருஷ்ணன், தாமும் கூத்தாடுபவராய், ‘களரி’ என்னும் அமைப்பின் வழியே கூத்து, பொம்மலாட்டக் கலைஞர்களை ஒன்றுகூட்டி அவர்களுக்கு மதிப்புச் செய்து வந்திருக்கிறார். திருச்சபை இதில் முன்னோடியாக வேண்டியதில்லை. முன்னரே உழுதவர்களோடு சேர்ந்துகொண்டால் போதும்.

ஆசரிப்புக் கூடாரத்தைச் செய்த பெசலெயேலுக்குக் கைத்திறன் அருளப்பட்டது என்பதை எல்லோரும் பிரசங்கிப்பர். பிறருக்குக் கற்பிக்கும் வரமும் அவனுக்கும் அகோலியாபுக்கும் அருளப்பட்டதாக யாத்திராகமம் 35:34 கூறுவதைச் சிலரே நினைவிற்கொள்வர். தாவீது ஏற்படுத்திய பாடகர் 288 பேர். ஏமானின் குமாரத்திகள் மூவரும் அக்குடும்பப் பட்டியலில் எண்ணப்படுகின்றனர். முறை வகுக்கச் சீட்டுப் போட்டபோது ஆசானும் மாணாக்கனும் சமமாக நின்றனர் (1 நாளாகமம் 25:5-8). கலைப்பயிற்சி குடும்பத்தின் நாளாந்த வாழ்வாக இருந்ததும், ஆலயத்தின் களஞ்சியம் அதனைத் தாங்கியதும் இப்பட்டியலால் விளங்கும்.

அவ்வாத்தியாரை மீண்டும் தேடிச் சென்று பேசினோம். மழை மாதங்களில் ஆட்டம் இல்லை. அப்போது தறியே கதி. அம்மாதங்களில் வாரம் ஒரு நாள் ஓராண்டுக்கு ஐந்தாறு பிள்ளைகளுக்குக் கற்பிக்க அவர் இசைந்தார். தம் செட்டில் உள்ளோரின் பிள்ளைகளும், நம் சபையைச் சேராதவர்களாயினும், உடன் பயில வேண்டும் என்பது அவர் விதித்த நிபந்தனை. தறிக்கூலிக்குக் குறையாத ஊதியம் என்பது நாம் ஏற்ற கடப்பாடு. கலைஞரின் பெயர் நாட்டுப்புறக் கலைஞர் நல வாரியத்தில் பதிவாகியிருக்கிறதா என்று பார்த்து, விண்ணப்பம் எழுதித் தருவது மாணவர் செய்யக்கூடிய எளிய பணி. குருசேகரக் கமிட்டியில் இச்செலவை எத்தலைப்பில் எழுதுவது என்ற வாதம் எழுந்தது. சிலர் ‘சுவிசேஷ ஊழியம்’ என்றனர். சிலர் ‘தருமம்’ என்றனர். அது தருமம் அன்று என்று நாம் கூறினோம். வாதம் இன்னும் முடியவில்லை. நெகேமியா ஓடிப்போன பாடகரைத் திரும்ப அழைத்து அவரவர் நிலையில் நிறுத்தியபின், பண்டகசாலைக்கு ஓர் ஆசாரியனையும் ஒரு வேதபாரகனையும் ஒரு லேவியனையும், அவர்களுக்குத் துணையாக மற்றொருவனையும் நியமித்தார். உண்மையுள்ளவர்கள் என்று எண்ணப்பட்ட அந்நால்வருக்கும் இடப்பட்ட வேலை, தம் சகோதரருக்குப் பங்கிட்டுக் கொடுப்பது.