தனிநபர் தீச்சுவரும் மின்னஞ்சல் வடிகட்டியும்

தனிநபர் தீச்சுவர் என்பது ஒரு கணினிக்கும் இணையத்துக்கும் இடையிலான தரவுப் போக்குவரத்தைக் கண்காணித்து, விதிகளின்படி அதனை அனுமதிக்கும் அல்லது தடுக்கும் மென்பொருள் ஆகும். மின்னஞ்சல் வடிகட்டி, வந்துசேரும் மடல்களிலிருந்து எரிதங்களை, அதாவது வேண்டாத மடல்களைப் பிரித்தறிகிறது. இவ்விரண்டும் ஒரே கணினியில் இயங்கும்போது தீச்சுவரின் விதிகளை வடிகட்டிக்கு ஏற்ப மாற்றியமைக்க வேண்டும். விதிகள் இறுக்கமாக இருந்தால் மடல்கள் வந்துசேரா. அளவுமீறித் தளர்த்தினால் தீச்சுவரின் பயன் குன்றும்.

பின்னணி

மின்னஞ்சல் மென்பொருள் வழக்கமாக வழங்கியுடன் நேரடியாகத் தொடர்பு கொள்கிறது. மறைகுறியாக்கம் இல்லாத பாப்3 நெறிமுறைக்கு 110 ஆம் துறை (போர்ட்) பயன்படுகிறது. சில வடிகட்டிகள் இவ்விரண்டுக்கும் நடுவே இடையாளாக அமர்கின்றன. ஜான் கிரகாம்-கம்மிங் உருவாக்கிய பாப்ஃபைல் இவ்வகையைச் சேர்ந்தது. 2002 இல் வெளியான இத்திறமூல மென்பொருள் பெர்ல் மொழியில் எழுதப்பட்டது; பேய்சின் நிகழ்தகவு முறையில் மடல்களை வகைப்படுத்துகிறது.

பாப்ஃபைலை நிறுவியபின் மின்னஞ்சல் மென்பொருளில் வழங்கியின் முகவரி 127.0.0.1 என மாற்றப்படும். இது கணினி தன்னைத் தானே சுட்டும் முகவரியாகும். உண்மையான வழங்கியின் பெயர், முக்காற்புள்ளியுடன் பயனர் பெயருக்கு முன்னால் சேர்க்கப்படும். எனவே முன்பு ஒன்றாக இருந்த இணைப்பு இரண்டாகிறது. மின்னஞ்சல் மென்பொருள் வடிகட்டியுடனும், வடிகட்டி வெளி வழங்கியுடனும் இணைகின்றன.

அமைக்கும் முறை

வெளிச்செல்லும் இணைப்புகளையும் கட்டுப்படுத்தும் தீச்சுவரில் பின்வரும் அனுமதிகள் தேவை.

1. மின்னஞ்சல் மென்பொருள் 127.0.0.1 உடன் இணைவதற்கான அனுமதி.
2. வடிகட்டி அதே முகவரியில் இணைப்புகளை ஏற்பதற்கான அனுமதி. சோன்அலார்ம் போன்ற தீச்சுவர்கள் இதனை "வழங்கியாகச் செயற்படும் உரிமை" எனத் தனியாகக் கேட்டன. இவ்வுரிமையை உட்கணினிக்கு மட்டும் வழங்குதல் வேண்டும்; இணையத்துக்கு வழங்கலாகாது.
3. வடிகட்டி, மடல் வழங்கியின் 110 அல்லது 995 ஆம் துறையுடன் இணைவதற்கான அனுமதி.
4. வழங்கியின் பெயரை எண் முகவரியாக மாற்ற 53 ஆம் துறைக்கான அனுமதி.
5. மடல் அனுப்புவதற்காக மின்னஞ்சல் மென்பொருள் 587 அல்லது 465 ஆம் துறையுடன் நேரடியாக இணைவதற்கான அனுமதி. இதனை மறந்தால் மடல்கள் வரும், ஆனால் அனுப்ப இயலாது.

பாப்ஃபைலின் கட்டுப்பாட்டுப் பக்கம் உலாவியில் இயல்பாக 8080 ஆம் துறையில் திறக்கும். ஆகவே உலாவிக்கும் 127.0.0.1 அனுமதி தேவை.

பாதுகாப்பு இடர்

தீச்சுவர் ஒரு நிரலின் பெயரைக் கொண்டு முடிவெடுக்கும்போது, இடையாளின் வழியே செல்லும் போக்குவரத்து முழுவதும் இடையாளினுடையதாகவே அதற்குத் தோன்றும். உட்கணினி இணைப்புகள் அனைத்தும் அனுமதிக்கப்பட்டிருந்தால், கணினியில் நுழைந்த தீநிரல் ஒன்று வடிகட்டியுடன் இணைந்து, அதன் பெயரில் வெளியே செல்லக்கூடும். இதனைத் தவிர்க்க, வடிகட்டிக்கு இணையம் முழுவதையும் திறந்துவிடாமல், குறிப்பிட்ட வழங்கிக்கும் துறைக்கும் மட்டுமே அனுமதி தர வேண்டும்.

வடிகட்டி எந்த முகவரியில் காத்திருக்கிறது என்பதை நெட்ஸ்டாட் கட்டளையால் அறியலாம். 127.0.0.1 எனக் காட்டினால் பிற கணினிகள் அதனை அணுக இயலாது. 0.0.0.0 எனக் காட்டினால் எல்லா வலையமைப்பு இடைமுகங்களிலும் அது காத்திருக்கிறது என்பது பொருள்.

பொதுவான சிக்கல்கள்

ஒரே முகவரியின் ஒரே துறையில் இரு நிரல்கள் பொதுவாகக் காத்திருக்க இயலாது. நச்சுநிரல் எதிர்ப்பு மென்பொருளும் இடையாளாக 110 ஆம் துறையைப் பிடித்திருந்தால், வடிகட்டியின் துறையெண்ணை மாற்றி, அதே எண்ணை மின்னஞ்சல் மென்பொருளிலும் இடவேண்டும். வடிகட்டியை இற்றைப்படுத்தியபின் மடல்கள் நின்றுபோவதும் உண்டு. கோப்பு மாறியதால் தீச்சுவர் அதனைப் புதிய நிரலாகக் கருதுவதே காரணம். இந்நிலையில் தீச்சுவரை முற்றிலும் நிறுத்தாமல், அதன் பதிவேட்டில் தடுக்கப்பட்ட நிரலைக் கண்டறிந்து விதியைத் திருத்துவதே முறையாகும்.

பிற்கால மாற்றங்கள்

2004 இல் வெளியான விண்டோஸ் எக்ஸ்பி இரண்டாம் சேவைத் தொகுப்பில் தீச்சுவர் இயல்பாகவே இயக்கப்பட்டிருந்தது. எனினும் அது உள்வரும் இணைப்புகளை மட்டுமே கட்டுப்படுத்தியது. வெளிச்செல்லும் இணைப்புகளுக்கான விதிகள் விண்டோஸ் விசுட்டாவில் சேர்க்கப்பட்டன.

மறைகுறியாக்கப்பட்ட இணைப்பை இடையாள் படிக்க இயலாது என்பதால், வடிகட்டியே வழங்கியுடன் மறைகுறியாக்க இணைப்பை ஏற்படுத்த வேண்டும். 2018 இல் வெளியான ஆர்எஃப்சி 8314, மடல் அணுக்கத்துக்கு மறைகுறியாக்கத்தைப் பரிந்துரைத்தது. இன்று எரித வடிகட்டல் பெரும்பாலும் வழங்கியிலேயே நடைபெறுகிறது. ஆயினும் உட்கணினி இடையாள்களைப் பயன்படுத்தும் பிற மென்பொருள்களுக்கும் இவ்விதிகள் பொருந்தும்.