பதினொன்றாம் வகுப்பில் எந்தக் குரூப்?

ஆண்டுதோறும் பத்தாம் வகுப்புத் தேர்வு முடிவுகள் வெளியானவுடன் நம் பங்குகளில் பெற்றோர் பலர் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: "சாமி, பிள்ளையை எந்தக் குரூப்பில் சேர்க்கலாம்?" பல வேளைகளில் இக்கேள்வி நம்மிடம் வரும்போதே வீட்டில் முடிவு எடுக்கப்பட்டிருக்கும். மதிப்பெண் அதிகமென்றால் முதல் குரூப், குறைவென்றால் காமர்ஸ். பிள்ளைக்கு என்ன விருப்பம், எதில் திறமை என்பது கடைசியாகக் கேட்கப்படும். சில வீடுகளில் கேட்கப்படுவதே இல்லை. 15 வயதில் எடுக்கப்படும் இம்முடிவு, பிற்காலப் படிப்பையும் பிழைப்பையும் பெரிதும் தீர்மானிக்கிறது. எனவே இதைச் சற்று நிதானமாகச் சிந்திப்போம்.

திறக்கும் கதவுகளும் மூடும் கதவுகளும்

தமிழ்நாட்டில் மேல்நிலைக் கல்வி 1978-இல் தொடங்கப்பட்டது. மாணவர் ஒருவர் தமிழ், ஆங்கிலம் ஆகிய மொழிப் பாடங்களுடன் நான்கு முதன்மைப் பாடங்களைப் படிக்கிறார். இந்த நான்கு பாடங்களின் சேர்க்கையையே நாம் குரூப் என்கிறோம்.

இங்கே முதலில் புரிந்துகொள்ள வேண்டியது, இது பெரும்பாலும் ஒருவழிப் பாதை என்பதாகும். அறிவியல் படித்தவர் பின்னர் வணிகவியலுக்கோ இலக்கியத்திற்கோ சட்டத்திற்கோ செல்லலாம். ஆனால் வணிகவியல் படித்தவர் பொறியியலுக்கோ மருத்துவத்திற்கோ திரும்புவது மிகக் கடினம். இதனால் எல்லாரும் அறிவியல் படிக்க வேண்டும் என்று பொருளல்ல. எந்தக் கதவு மூடுகிறது என்பதை அறிந்தே மூட வேண்டும் என்பதுதான் நாம் சொல்வது.

எனவே படிப்பிலிருந்து பின்னோக்கிப் பார்ப்பது நல்லது. 2007 முதல் தமிழ்நாட்டில் பொறியியல் சேர்க்கைக்கு மாநில நுழைவுத் தேர்வு இல்லை. கலந்தாய்வுத் தரவரிசை 200 மதிப்பெண்ணுக்குக் கணக்கிடப்படுகிறது. இதில் கணிதத்திற்கு 100, இயற்பியலுக்கு 50, வேதியியலுக்கு 50. அதாவது பாதி கணிதமே. கணிதத்தில் தடுமாறும் பிள்ளையைப் பொறியியலுக்கென முதல் குரூப்பில் சேர்ப்போர் இக்கணக்கை நினைவில் கொள்ள வேண்டும்.

மருத்துவத்திற்கு இயற்பியல், வேதியியல், உயிரியல் ஆகிய மூன்றும் தேவை. 2017 முதல் தமிழ்நாட்டிலும் நீட் மதிப்பெண்ணே சேர்க்கையைத் தீர்மானிக்கிறது. அத்தேர்வு 11, 12 ஆகிய இரு வகுப்புப் பாடங்களையும் கேட்கிறது. பி.எஸ்சி. செவிலியர் படிப்புக்கும் இதே மூன்று பாடங்கள் வேண்டும். கட்டடக் கலைக்குக் கணிதம் அவசியம். கடலோரப் பங்குகளின் இளைஞர் பலர் விரும்பும் வணிகக் கப்பல் அதிகாரிப் படிப்புக்குக் கணிதமும் இயற்பியலும் வேதியியலும் தேவை.

மாறாக, ஐந்தாண்டுச் சட்டப் படிப்பில் எந்தக் குரூப் படித்தவரும் சேரலாம். பட்டயக் கணக்காளர் ஆவதற்கான முதல் நிலைத் தேர்வையும் எந்தக் குரூப் மாணவரும் எழுதலாம். ஆயினும் வணிகவியல் படித்தவருக்கு அது எளிது. ஐ.ஏ.எஸ். உள்ளிட்ட குடிமைப் பணித் தேர்வுக்கு ஏதேனும் ஒரு பட்டம் போதும். ஆகவே காமர்ஸ், வரலாறு ஆகியவற்றைத் தோற்றவர்களின் குரூப் என்று பேசுவது அறியாமையே.

மேல்நிலைப் பள்ளி மட்டுமே வழியல்ல என்பதையும் மறந்துவிடக் கூடாது. பத்தாம் வகுப்பு முடித்தவர் பாலிடெக்னிக்கில் மூன்றாண்டு டிப்ளமோ படித்து, நேரடியாகப் பொறியியல் இரண்டாம் ஆண்டில் சேரலாம். கைத்தொழிலில் ஆர்வமுள்ளவருக்கு ஐ.டி.ஐ. உண்டு. விரைவில் சம்பாதித்து வீட்டைத் தாங்க வேண்டிய பிள்ளைக்கு இது மதிப்பான வழியே.

பள்ளியை மாற்றும் முன்

இன்னொரு செய்தியையும் பெற்றோர் அறிந்திருக்க வேண்டும். 6 முதல் 12 வரை அரசுப் பள்ளிகளில் படித்தவர்களுக்கு மருத்துவப் படிப்பில் 7.5 விழுக்காடு இடங்களை ஒதுக்கும் சட்டம் 2020-இல் வந்தது. 2021-இல் பொறியியல், வேளாண்மை, சட்டம் போன்ற படிப்புகளுக்கும் இது விரிவுபடுத்தப்பட்டது. அரசுப் பள்ளியில் படித்த பிள்ளையை "நல்ல பள்ளி" என்று நகையை அடகு வைத்துப் பதினொன்றாம் வகுப்பில் தனியார் பள்ளிக்கு மாற்றினால், அந்த உரிமை போய்விடும். செலவு செய்து வாய்ப்பை இழக்கும் நிலை இது.

பிள்ளையின் குரல்

நம் குடும்பங்களில் இரண்டு விதமான அநீதிகள் நடக்கின்றன. ஒன்று, இயலாத பிள்ளையைக் குடும்பக் கௌரவத்திற்காக முதல் குரூப்பில் தள்ளுவது. முதல் பருவத் தேர்விலேயே தோற்று, இரண்டு ஆண்டுகள் தாழ்வு மனப்பான்மையோடு அப்பிள்ளை பள்ளிக்குச் செல்கிறது. மற்றொன்று, கணிதத்தில் சிறந்த மகளை, "பக்கத்துப் பள்ளியில் இருப்பதைப் படிக்கட்டும், கட்டிக்கொடுக்கப் போகிறவள்தானே" என்று முடக்குவது. தம்பிக்காகப் பேருந்துக் கட்டணம் கொடுக்கும் வீடு அக்காவுக்காகக் கொடுக்க மறுப்பது எந்த வகையில் நியாயம்?

தாலந்து உவமையை நாம் பலமுறை கேட்டிருக்கிறோம். தலைவர் அவரவர் திறமைக்கு ஏற்பவே ஐந்தும் இரண்டும் ஒன்றுமாகக் கொடுக்கிறார். ஐந்து பெற்றவரும் இரண்டு பெற்றவரும் இறுதியில் ஒரே பாராட்டைத்தான் பெறுகிறார்கள். இரண்டு தாலந்து பெற்ற பிள்ளையிடம் ஐந்துக்குக் கணக்குக் கேட்பதும், ஐந்து பெற்ற பிள்ளையின் தாலந்தை நாமே மண்ணில் புதைப்பதும் தவறு. இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965-இல் வெளியிட்ட கிறித்தவக் கல்வி பற்றிய அறிக்கை, பெற்றோரே பிள்ளைகளின் முதன்மையான கல்வியாளர் என்று கற்பிக்கிறது. நல்ல கல்வியாளர் முதலில் பிள்ளைக்குச் செவிகொடுப்பார்.

அவ்வாறு செவிகொடுக்கச் சில எளிய கேள்விகள் உதவும். எந்தப் பாடத்தை யாரும் சொல்லாமலே எடுத்துப் படிக்கிறாய்? எந்தப் பாடத்தில் மனப்பாடம் இல்லாமல் மதிப்பெண் வாங்குகிறாய்? எந்த வேலையைச் செய்பவரைப் பார்த்து நீயும் அப்படி ஆக விரும்புகிறாய்? பிள்ளையின் பதிலோடு, பாட ஆசிரியரின் கருத்தையும் கேட்டறிந்தால் முடிவு தெளிவாகும். எதுவுமே தெளிவாகாத பிள்ளை கணிதத்தைச் சிரமமின்றிச் சமாளிக்கக் கூடியவர் என்றால், கணிதமும் உயிரியலும் சேர்ந்த குரூப் அதிகக் கதவுகளைத் திறந்து வைக்கும்.

இதில் பங்குக்கும் பொறுப்பு உண்டு. முதல் தலைமுறையாகப் படிக்கும் பிள்ளைகளின் வீட்டில் வழிகாட்ட ஆள் இல்லை. ஆனால் நம் பங்கில் செவிலியர், ஆசிரியர், பொறியாளர், வங்கி ஊழியர், எலக்ட்ரீசியன் எனப் பலர் இருக்கிறார்கள். தேர்வு முடிவு வந்த வாரத்தில் ஓர் அன்பியக் கூட்டத்தை இதற்கென ஒதுக்கி, இவர்களோடு பிள்ளைகளை உட்கார வைக்கலாம். ஒரு மாலை நேரம் போதும். சேர்க்கைப் படிவத்தில் கையெழுத்திடும் முன் நம் பிள்ளைகளை நாம் ஒருமுறை மனந்திறந்து பேச விடுவோமா?