குச்சிக்குள் ஒரு திருகு

பூல் ஆடும் கியூ ஒன்றுக்கு அமெரிக்காவில் கார் விலை கொடுக்கிறார்களாமே, அப்படி என்னதான் இருக்கிறது அந்தக் குச்சியில் என்று கோவையிலிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். ஆட்டத்தின் விதிகளை விட்டுவிடுகிறேன். நேரே குச்சிக்குப் போவோம்.

நீளம் சுமார் 58 அங்குலம், எடை 19 அவுன்ஸ் அளவில், அதாவது அரைக் கிலோவுக்குச் சற்று மேல். கைப்பிடிப் பாதிக்கு ‘பட்’ என்று பெயர், பந்தைத் தொடும் பாதிக்கு ‘ஷாஃப்ட்’. ஊட்டி கிளப்பில் 1882இல் விதிகள் எழுதப்பட்ட ஸ்நூக்கருக்குப் பெரும்பாலும் ஆஷ் மரமும் ஏறத்தாழ 9.5 மி.மீ. முனையும் போதும். பூல் பந்து அதைவிடப் பெரியது, எடையும் கூடியது. அதற்கு 13 மி.மீ.க்கு நெருங்கிய முனை. மரம் வட அமெரிக்காவின் கெட்டி மேப்பிள்.

தேக்கு வாங்கப் போனால் வெளிப்புற வெள்ளையைக் கழித்து, வைரம் பாய்ந்த பகுதிக்குத்தான் நாம் விலை பேசுவோம். மேப்பிளில் கதை தலைகீழ். ஷாஃப்டுக்கு வேண்டியது அந்த வெளி வெள்ளைதான். அதிலும் ரேகை நெருக்கமாக, கோணாமல் நேராக ஓட வேண்டும். அந்தக் கட்டையையும் ஒரே மூச்சில் கடைந்து முடிப்பதில்லை. லேத்தில் கொஞ்சம் சீவுவார்கள், எடுத்துத் தொங்கவிடுவார்கள். மாதக்கணக்கில் அது தன் ஈரத்தை விட்டு, வளைய வேண்டுமென்றால் வளைந்து காட்டும். வளைந்ததை ஒதுக்கிவிட்டு மிச்சத்தை இன்னும் கொஞ்சம் சீவுவார்கள். நல்ல பட்டறையில் ஒரு ஷாஃப்ட் முடிய வருடங்கள்கூட ஆகும். பச்சை மரத்தில் அவசரமாகக் கதவு செய்து வாங்கிவிட்டு, மழைக்காலத்தில் பூட்ட முடியாமல் தச்சரைத் திட்டுகிற நாம் கவனிக்க வேண்டிய இடம் இது.

பட் பகுதியில்தான் அழகு காட்டுவார்கள். கண் கண்ணாகப் புள்ளியிட்ட ‘பேர்ட்ஸ்ஐ’ மேப்பிள், மத்திய அமெரிக்காவின் கோகோபோலோ, ரோஸ்வுட், கருங்காலி. இலங்கையிலும் தென்னிந்தியாவிலும் விளைகிற கருங்காலிக்கு உலகெங்கும் மதிப்பு உண்டு. மெதுவாக வளரும் மரம். வேகமாக உலர்த்தினால் வெடித்துவிடும். அதன் பெயரில் இப்போது நம் ஊரில் மணிமாலை வியாபாரம் எப்படி நடக்கிறது என்று பார்த்துக்கொண்டுதான் இருக்கிறோம். எத்தனை மாலையில் உண்மையான கருங்காலி இருக்கிறதோ, கறுப்புச் சாயத்துக்கே வெளிச்சம்.

என்னை விடாமல் பிடித்துக்கொண்டது இரண்டு பாதிகளையும் இணைக்கிற பின். பட்டின் நுனியிலிருந்து ஒரு திருகு நீட்டிக்கொண்டிருக்கும். ஷாஃப்டை அதில் சுற்றிப் பூட்ட வேண்டும். ‘5/16-14’ என்றால் அங்குலத்தில் பதினாறில் ஐந்து பங்கு தடிமன், அங்குலத்துக்கு 14 மரை. பழைய பாணியில் இதைச் சுற்றி எஃகு வளையம் இருக்கும். ஷாஃப்டிலுள்ள பித்தளைக் குமிழ் அதற்குள் இறங்கி உட்காரும். ‘3/8-10’ இன்னும் தடித்த பின், மரை அகலம். அதில் பல தயாரிப்பாளர்கள் ஷாஃப்டின் மரத்திலேயே மரை வெட்டி, முகத்தோடு முகம் தட்டையாகச் சேர்ப்பார்கள். எஃகு இணைப்பில் அடி கெட்டியாக விழுகிறது, மரத்தோடு மரம் சேர்ந்தால் இதமாக இருக்கிறது என்று ஆட்டக்காரர்கள் சத்தியம் செய்வார்கள். இதற்காக நட்பை முறித்துக்கொள்ளவும் தயங்க மாட்டார்கள்.

கணக்குப் போட்டுப் பார்த்தால் வேடிக்கையாக இருக்கிறது. முனையும் பந்தும் தொட்டுக்கொண்டிருக்கும் நேரம் ஏறத்தாழ ஆயிரத்தில் ஒரு விநாடி. கையில் பட்ட அதிர்வு நரம்பில் ஏறி மூளையை எட்டவே அதைப்போல இருபது மடங்கு நேரம் ஆகிவிடும். தெருவில் கிரிக்கெட் ஆடிய நாட்களில் மட்டையின் விளிம்பில் பட்ட பந்து உள்ளங்கையை விண்ணென்று தெறிக்கவைக்கும். அந்தத் தெறிப்பு எனக்கு உறைக்குமுன் பந்து மட்டையை விட்டுப் போயிருக்கும். கியூவிலும் அப்படித்தான். கை உணர்கிற எதுவும் அடித்து முடித்த பந்தைத் திருப்ப முடியாது. பக்கவாட்டில் அடிக்கும்போது பந்து குறியிலிருந்து எவ்வளவு விலகும் என்பதைத் தீர்மானிப்பது முனையை ஒட்டிய சில அங்குலங்களின் எடை. நடுவில் இருக்கும் திருகுக்கு அதில் பங்கில்லை. 1990களில் ப்ரிடேட்டர் நிறுவனம் ஷாஃப்டின் முன்பகுதியைக் குடைந்து இலகுவாக்கிச் சந்தையைப் பிடித்தது இந்தக் கணக்கை வைத்துத்தான்.

அதற்காக உணர்வெல்லாம் பிரமை என்று தள்ளிவிட முடியாது. அடித்த அடிக்கு உதவாத அதிர்வு அடுத்த அடிக்கு உதவும். நடுவில் பட்டதா, விலகிப் பட்டதா, வேகம் சரியா என்று கைக்கும் காதுக்கும் அது சொல்கிறது. ஒரே மாதிரி சொல்லிக்கொண்டே வந்தால் கை பழகுகிறது. எஃகு வளையம் எடையைச் சற்று முன்னே தள்ளும் என்பதும் நிஜம். ஆனால் எந்தப் பின் என்பதைவிட எவ்வளவு நேராக, இடைவெளி இல்லாமல் பூட்டுகிறது என்பதுதான் பெரிது. தளர்ந்த இணைப்பு எந்த அளவுப் பின்னாக இருந்தாலும் கடகடக்கும்.

ஜார்ஜ் பாலபுஷ்கா என்ற பெயர் இந்த உலகில் மந்திரம் மாதிரி. 1912இல் ரஷ்யாவில் பிறந்து, நியூயார்க்கின் புரூக்ளினில் 1959இல் கியூ செய்யத் தொடங்கி, 1975இல் இறந்தார். அவருடைய பல கியூக்களில் கண்ணைப் பறிக்கிற கூர்முனை ஒட்டுவேலை அவர் வெட்டியதல்ல. பிரன்ஸ்விக் நிறுவனத்தின் ‘டைட்லிஸ்ட்’ கட்டைகளையும் வேறு கைவினைஞர்கள் செய்த கட்டைகளையும் வாங்கித்தான் வேலை செய்தார். கடைசல், பொருத்தம், இணைப்பு, சமநிலை இவையே அவர் கைவண்ணம். 1986இல் வந்த ‘தி கலர் ஆஃப் மணி’ படத்தில் பால் நியூமன் டாம் க்ரூஸிடம் கொடுப்பதாகக் காட்டப்படும் ‘பாலபுஷ்கா’கூட உண்மையில் ஜாஸ் நிறுவனத்தின் கியூ.

ஆக, வாசகருக்குப் பதில்: ஒரு விலை வரைக்கும் காசு மரத்துக்கும் காத்திருப்புக்கும் போகிறது. அதற்கு மேல் கொடுப்பது இழைப்பு வேலைக்கும் பெயருக்கும், ஆட்டத்துக்கு அல்ல. கிளப்புகளில் நல்ல கியூக்கள் படும் பாட்டைப் பார்த்தால் விலை பேசவே கூச்சமாக இருக்கிறது. சொந்தமாக ஒன்று வைத்திருந்தால் வெயிலில் நிற்கும் காருக்குள் போடாதீர்கள், சுவரில் சாய்த்து நிறுத்தாதீர்கள். பூட்டும்போது கடைசிச் சுற்றில் பலம் காட்ட வேண்டாம். கழற்றியதும் மரையைத் துடைத்து மூடி போட்டு வையுங்கள்.