தூண் இல்லாத காரில் தோள் பெல்ட்

1968 ஜனவரி 1-ஆம் தேதிக்குப் பிறகு தயாராகும் கார்களில், முன்னிருக்கையின் இரு ஓரங்களிலும் தோள் பெல்ட் இருந்தாக வேண்டும் என்றது அமெரிக்க அரசு. கூடவே ஒரு விலக்கும் கொடுத்தது: கூரை மடங்கும் கன்வெர்ட்டிபிளுக்கு இது பொருந்தாது, இடுப்பு பெல்ட்டே போதும். ஃபோர்டு மஸ்டாங்கை இரும்புக் கூரையோடு வாங்கியவருக்குத் தோள் பெல்ட் சட்டப்படி உண்டு. கூடுதல் பணம் கொடுத்துத் துணிக் கூரை மாடலை எடுத்தவருக்கு அந்த உரிமை இல்லை. கன்வெர்ட்டிபிள் ஓட்டுகிறவரின் நெஞ்செலும்பு என்ன இரும்பா? பெல்ட்டின் மேல்முனையை மாட்ட அந்தக் காரில் இடமில்லை, அவ்வளவுதான்.

வால்வோ நிறுவனத்தின் நில்ஸ் போலின், 1959-இல் மூன்றுமுனை பெல்ட்டைக் கொண்டுவந்தார். அதற்கு முன் சாப் நிறுவனத்தில், போர் விமானியைத் தூக்கி எறியும் இருக்கைகளில் வேலை பார்த்தவர். அவருடைய பெல்ட்டில் இரண்டு முனைகள் இடுப்பருகே. மூன்றாவது, தோளுக்கு மேலே. மெக்கானிக்குகள் 'பி பில்லர்' என்று சொல்லும் நடுத்தூணோ, அது இல்லாவிட்டால் கூரையின் விளிம்போ அந்த மூன்றாவது முனையைத் தாங்கும். கன்வெர்ட்டிபிளில் இரண்டும் கிடையாது. கதவு முடிந்ததும் வானம்தான்.

இன்று அந்தக் கார்களை ஆசையாக வைத்திருப்பவர்கள், எப்படியாவது தோள் பெல்ட் போட்டுவிடத் துடிப்பதில் நியாயம் உண்டு. மோதலில் இடுப்பு பெல்ட் இடுப்பைப் பிடித்துக்கொள்கிறது. மேலுடம்பு கத்தி மடங்குவதுபோல முன்னால் மடங்குகிறது. தலை போய்ச் சேரும் இடத்தில் ஸ்டியரிங் இருக்கிறது. அறுபதுகளின் நடுப்பகுதி வரை வந்த பல கார்களில் ஸ்டியரிங் தண்டு மோதலில் மடங்கிக் கொடுக்காது, ஈட்டிபோல் நிற்கும். முதுகெலும்பின் கீழ்ப்பகுதி குறுக்காகப் பிளக்கும் ஒரு முறிவுக்கு மருத்துவத்தில் சான்ஸ் முறிவு என்று பெயர். 1948-இல் அதை விவரித்த பிரிட்டிஷ் மருத்துவரின் பெயர் அது. பின்னாளில் இடுப்பு பெல்ட் மட்டும் அணிந்தவர்களிடம் அதை அடிக்கடி பார்த்தார்கள்.

சரி, இருக்கைக்குப் பின்னால் தரையில் ஒரு துளை போட்டு, பெல்ட்டைத் தோள்மேல் கொண்டுவந்து மாட்டினால் என்ன? பலரும் செய்யும் தப்பு இதுதான். மணிக்கு 50 கி.மீ. வேகத்தில் போகும் கார் 0.1 நொடியில் நின்றால், 70 கிலோ எடையுள்ளவரை ஏறக்குறைய ஒரு டன் விசை முன்னால் தள்ளுகிறது. பெல்ட் தோளைத் தாண்டியதும் 45 பாகை சரிவில் தரைக்கு இறங்கினால், அதன் இழுவிசையில் 70 சதவீதம் தோளைக் கீழே அழுத்தும். அழுத்தத்தை வாங்கிக்கொள்வது முதுகெலும்பு. சரிவு 10 பாகை என்றால் அது 17 சதவீதம்தான். பந்தயக் கார்களுக்கான சர்வதேச விதியும் தோள்வார் 45 பாகைக்கு மேல் சரியக்கூடாது, 10 பாகையைத் தாண்டாமல் இருப்பது நல்லது என்கிறது. நெஞ்சைக் காப்பாற்றப் போய் முதுகை ஒடித்துக்கொள்ளக் கூடாது, இல்லையா?

அதனால் தரையைவிட உயரமாக ஓர் இடம் வேண்டும். 1962-இல் வந்த பிரிட்டனின் எம்.ஜி.பி. ரோட்ஸ்டரில் பின்சக்கரத்தின் மேல் வளைந்து நிற்கும் உள்தகட்டில் அந்த இடத்தைக் கண்டார்கள். இரண்டே பேர் அமரும் கார் என்பதால் இருக்கைக்குப் பின்னே இடம் இருந்தது. தோளைவிடத் தாழ்வுதான்; சமரசம் என்று தெரிந்தே செய்த சமரசம். மஸ்டாங்கில் பாடு அதிகம். பின்சீட்டுக்காரரின் கால், மடிந்து இறங்கும் கூரையின் இரும்புக் கைகள் எல்லாம் அதே மூலைக்குப் போட்டி போடுகின்றன. பெல்ட்டை மாட்டியபின் கூரையை ஒருமுறை மடக்கிப் பார்க்காமல் வேலை முடிந்தது என்று சொல்லும் பட்டறையை நம்பவேண்டாம்.

உயரம் கிடைத்தால் மட்டும் போதாது, பலமும் வேண்டும். அமெரிக்க விதிப்படி மூன்றுமுனை பெல்ட்டின் தோள்பகுதியை 3,000 பவுண்டு, அதாவது சுமார் 1,360 கிலோ விசையில் இழுத்து 10 நொடி வைத்திருந்தாலும் பிடிமானம் விடக்கூடாது; இடுப்புப் பகுதியையும் அதே நேரத்தில் அதே அளவு இழுப்பார்கள். பெல்ட்டுக்கென்றே வரும் 7/16 அங்குல போல்ட் இதைத் தாங்கும். அதைப் பிடித்திருக்கும் மெல்லிய தகரம் தாங்காது; வெறும் வாஷர் போட்டு முடுக்கியிருந்தால் காகிதத்தைப்போல் கிழியும். அகலமான எஃகுத் தகட்டை அடியில் கொடுத்து, விசையைப் பரப்பியாக வேண்டும். ஐம்பது வயதைக் கடந்த காரில் அந்த மூலை துருப்பிடித்திருக்கலாம். பெயின்ட் பளபளப்பதைப் பார்த்து ஏமாறாமல், சுரண்டிப் பார்த்துவிட்டே துளை போடவேண்டும்.

இருக்கையிலேயே பெல்ட்டைப் பொருத்தினால் என்ன என்றும் சிலர் கேட்பார்கள். மெர்சிடிஸ் அதைச் செய்து காட்டியது, 1989-இன் எஸ்.எல். காரில். ஆனால் அந்த விசையைத் தாங்குவதற்கென்றே வடித்த இருக்கை அது. 1965 மஸ்டாங்கின் முன்னிருக்கைச் சாய்மானத்துக்குப் பூட்டே கிடையாது. விரலால் தள்ளினால் முன்னால் விழும்.

சுருளும் ரீல் வகையை வாங்குபவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். உள்ளே ஒரு சின்னக் குண்டோ ஊசலோ இருக்கிறது. கார் சட்டென்று நின்றால் அது சாய்ந்து ரீலைப் பூட்டும். ரீலைக் கோணலாக மாட்டினால் கார் நின்றுகொண்டிருக்கும்போதே பூட்டிக்கொண்டு பெல்ட் வெளியே வராது. சக்கர வளைவின் சரிவுக்கு ஏற்ற கோணத்தில் செய்த ரீலைக் கேட்டு வாங்க வேண்டும். ரீல் இல்லாத நிலையான பெல்ட்டில் இந்தத் தொல்லை இல்லை. என்ன, இறுக்கிக் கட்டியபின் ரேடியோவுக்குக் கை எட்டாது. எட்டவேண்டுமே என்று தளர்த்திக்கொள்கிறவர்களுக்கு அந்த பெல்ட் இருந்தும் இல்லாததுபோல்தான்.

கார் கவிழ்ந்தால் தோள் பெல்ட் ஆளை நிமிர்த்திப் பிடித்துத் தலையை நசுங்கவைக்கும் என்ற பயமும் உண்டு. கூரையில்லாத காரில் அது பொய்யான பயம் அல்ல. ஆனால் கவிழ்வதைவிட நேருக்கு நேர் மோதுவதே அதிகம். கவிழும்போது வெளியே தூக்கி எறியப்படுவதும் உயிருக்கு உலை. பயம் போகாதவர்கள் இருக்கைக்குப் பின்னால் ரோல் பார் வைக்கிறார்கள். அதன் குறுக்குக் குழாய் தோள்வாருக்குச் சரியான உயரத்தையும் தரும். குழாய்க்கு மெத்தை உறை அவசியம். பின்னாலிருந்து யாராவது இடித்தால், தலைசாய்ப்பான் இல்லாத அந்தப் பழைய இருக்கையில் மண்டை போய் மோதுவது அதில்தான்.