சராசரி மனிதன் எங்கே?

உங்கள் வகுப்பில் உள்ள பெஞ்சுகள் எல்லாம் ஒரே உயரம். அவற்றில் உட்காரும் நீங்களும் ஒரே உயரமா? குட்டையானவரின் பாதம் தரையைத் தொடாது. நெட்டையானவரின் முழங்கால் மேசையில் இடிக்கும். "சராசரி அளவுக்குச் செய்தால் போதுமே" என்கிறீர்களா? அமெரிக்க விமானப் படையும் அப்படித்தான் எண்ணியிருந்தது.

1950-இல் அப்படை 4,000-க்கும் மேற்பட்ட விமானிகளின் உடலை அளந்தது. அளவெடுத்தவர்களில் ஒருவரான கில்பர்ட் டேனியல்ஸ், உயரம், மார்புச் சுற்றளவு, கை நீளம் போன்ற 10 அளவுகளைத் தேர்ந்துகொண்டார். ஒவ்வொன்றிலும் நடுவிலுள்ள 30 சதவீதத்துக்குள் வருபவரே சராசரி என வைத்துக்கொண்டார். பத்திலும் சராசரியாக இருந்தவர் 4,063 பேரில் எத்தனை பேர் தெரியுமா? ஒருவர்கூட இல்லை!

காரணம் எளிது. உயரமானவர் எல்லோருக்கும் கை நீளமாக இருப்பதில்லை. ஒவ்வோர் அளவும் ஒரு சல்லடை. ஒவ்வொன்றிலும் பலர் கழிந்துபோக, பத்தாவதில் எவரும் மிஞ்சவில்லை.

ஆகவே பொறியியலார் வழியை மாற்றினர். வாசலை நெட்டையானவருக்கு ஏற்ப அமைக்க வேண்டும். எட்டிப் பிடிக்கும் நெம்புகோலைக் குட்டைக் கைக்கு ஏற்ப வைக்க வேண்டும். இருக்கையோ, ஆளுக்கேற்ப நகர வேண்டும்.

நீங்களும் செய்து பாருங்கள். நண்பர்கள் உட்கார்ந்திருக்கும்போது தரையிலிருந்து முழங்காலின் பின்மடிப்பு வரை அளந்து எழுதுங்கள். பிறகு பெஞ்சின் உயரத்தை அளவுங்கள். அது யாருக்காகச் செய்யப்பட்டது என்பது விளங்கும்.