இரவல் பயங்கரம்

ஓர் ஆசிரியர் சிருஷ்டித்த உலகத்தின் மேல் கொண்ட பக்தியினால், அவ்வுலகத்து மாந்தரையும் இடங்களையும் எடுத்துக்கொண்டு ரசிகர்களே புதுக்கதை புனைவதை இக்காலத்தில் ‘ஃபேன் ஃபிக்‌ஷன்’ என்கிறார்கள். அதில் பயங்கரச் சிறுகதை ஒரு தனி ஜாதி. அதன் சக்தியும் பலவீனமும் ஒரே மூலத்திலிருந்து பிறப்பதை, அமெரிக்காவில் பிராவிடன்ஸ் நகரத்தில் வாழ்ந்த ஹெச். பி. லவ்கிராஃப்டையும் (1890–1937) அவரைப் பின்பற்றி எழுதிய இளைஞர்களையும் கவனித்தால் தெளிவாகக் காணலாம்.

1928-இல் ‘வியர்ட் டேல்ஸ்’ பத்திரிகையில் வெளியான ‘கதூலுவின் அழைப்பு’ என்ற கதையில், மனித வர்க்கம் தோன்றுமுன்னரே பூமிக்கு வந்து கடலடியில் துயில்கின்ற பூதமொன்றை அவர் படைத்தார். ‘நெக்ரோனமிகான்’ என்ற இல்லாத நூலையும், உண்மையில் உள்ளதைச் சொல்வது போலவே பல கதைகளில் குறிப்பிட்டு வந்தார். இவற்றைத் தமக்கே உரியவையென்று பூட்டி வைக்காமல் நண்பர்களும் எடுத்தாளும்படி விட்டுவிட்ட அவருடைய பெருந்தன்மையை நினைக்கும்போதெல்லாம் என் மனம் நெகிழ்கிறது.

1933-இல் பள்ளி மாணவராக அவருக்குக் கடிதம் எழுதத் தொடங்கிய ராபர்ட் பிளாக், பதினெட்டாம் வயதில், தம் குருநாதரின் சாயலுடைய பாத்திரமொன்றைக் கதையில் கொன்றுவிட விரும்பி அநுமதி வேண்டியபோது, லவ்கிராஃப்ட் கற்பனை மாந்தரின் பெயர்களையே சாட்சிகளாக இட்டு உற்சாகத்தோடு அநுமதிப் பத்திரம் எழுதி அனுப்பினார். 1935-இல் வெளிவந்த அக்கதையில், மந்திர நூலின் வாசகங்களை உரக்கப் படித்த மாத்திரத்தில் அறைக்குள் ஏதோ ஒன்று வந்துவிடுகிறது. சிரிப்பொலி கேட்கிறதே தவிர உருவம் தெரிவதில்லை. அகப்பட்ட மனிதனின் ரத்தத்தை அது குடித்த பிறகுதான் அதன் வடிவம் செந்நிறமாகப் புலப்படுகிறது. சில பக்கங்களுக்குள் இவ்வளவு சாதிக்க முடிந்ததற்குக் காரணம், அத்தகைய நூலைத் தொட்டவன் பிழைப்பதில்லை என்பதை ‘வியர்ட் டேல்ஸ்’ பத்திரிகையின் வாசகர் முன்னமே அறிந்திருந்ததுதான். பீடிகைக்குச் செலவாகியிருக்க வேண்டிய இடமெல்லாம் பீதிக்கே மிஞ்சியது. மறு வருஷமே லவ்கிராஃப்ட், பிளாக்கைப் போன்ற ஓர் இளைஞனைத் தம் கதையில் மாய்த்துப் பதிலளித்தார்.

ஆனால், பயம் என்பது அறியாமையில் வேர்கொண்ட உணர்ச்சி. ரசிகரோ எல்லாம் அறிந்தவர், அறிந்ததை விளக்கிவிடத் துடிப்பவர். 1939-இல் டொனால்டு வாண்ட்ரீயுடன் சேர்ந்து ஆர்க்காம் ஹவுஸ் பதிப்பகத்தை நிறுவி, குருவின் எழுத்துக்கள் மறைந்துபோகாமல் காத்த ஆகஸ்ட் டெர்லெத்துக்கு இலக்கிய உலகம் பட்டிருக்கும் கடன் பெரிது. எனினும் தம் கதைகளில் அவர் லவ்கிராஃப்டின் பூதங்களை நீர், நெருப்பு முதலிய பூததத்துவங்களுக்கு உரியவையாக வகுத்து, அவற்றை எதிர்க்க நல்ல தேவர்களையும் நியமித்தார். மனிதனைப் பொருட்படுத்தாத பிரபஞ்சம் என்ற மூலக் கருத்தின் கொடுமை அத்துடன் கரைந்து, நன்மைக்கும் தீமைக்கும் நடக்கும் பழைய யுத்தமாக அது சுருங்கிவிட்டது. காக்க ஒருவர் இருக்கிறார் என்று தெரிந்துவிட்டால் வாசகர் எதற்கு நடுங்க வேண்டும்? சிறுகதையில் இந்தக் குற்றம் இன்னும் பெரிதாகத் தெரிகிறது. தெய்வங்களின் பெயர்களையும் தடைநூல்களின் பட்டியலையும் அடுக்கி முடிப்பதற்குள் கதையே முடிந்துவிடுகிறது. குருவின் அடைமொழிகள் மட்டும் சிஷ்யருக்கு வந்து சேர்கின்றன, அவற்றின் பின்னிருந்த திகில் வருவதில்லை.

இதே டெர்லெத்திடம்தான், லிவர்பூலைச் சேர்ந்த ராம்சே கேம்பல் என்ற சிறுவர், தாம் காணாத அமெரிக்க ஊர்களில் நிகழ்வதாக எழுதிய கதைகளை அனுப்பினார். அவற்றை இங்கிலாந்துக்கு மாற்றி எழுதும்படி டெர்லெத் புத்தி சொன்னார். கேம்பல் செவர்ன் நதிப் பள்ளத்தாக்கில் பிரிச்செஸ்டர் என்னும் கற்பனை நகரை அமைத்து மீண்டும் எழுத, 1964-இல், அவருக்குப் பதினெட்டு வயதாயிருக்கையில், ஆர்க்காம் ஹவுஸே அவற்றைப் புத்தகமாக்கியது. அதில் இரவல் வாடை நிறைய உண்டு. ஆயினும் இரவல் பூதங்களுக்குத் தம் நாட்டு மண்ணில் இடம் தேடிய அந்தப் பிரயாசையிலேதான், பிற்காலத்தில் நகர வாழ்வின் அச்சங்களைத் தமக்கே உரிய நடையில் எழுதிப் புகழ்பெற்ற கேம்பல் உருவானார் என்பது என் துணிபு.