கடல்வழி அடைபட்ட காலம்

அந்தமான் தீவுக் கூட்டத்திலே, தென் அந்தமானுக்கும் நடு அந்தமானுக்கும் இடையே அமைந்திருப்பது பாராடாங் தீவு. சேற்று எரிமலைகளாலும் சுண்ணாம்புக் குகைகளாலும் பெயர் பெற்ற இத்தீவுக்கு ராஞ்சிக்காரர் தீவு என்ற பெயரும் உண்டு. 1918ஆம் ஆண்டு முதலாகச் சோட்டா நாகபுரிப் பகுதியிலிருந்து காட்டு வேலைக்கு அழைத்து வரப்பட்ட மக்களின் வழித்தோன்றல்கள் இங்கே மிகுதி. போர்ட் பிளேர் நகரிலிருந்து (2024ஆம் ஆண்டு முதல் அதன் பெயர் ஸ்ரீ விஜயபுரம்) சாலை வழியே ஏறத்தாழ 100 கிலோமீட்டர் தொலைவு. வழியில் ஜாரவா பழங்குடியினரின் காப்பு வனத்தை வாகனங்கள் குறித்த நேரங்களில், காவலுடன், அணியணியாகவே கடந்து செல்ல வேண்டும். நேரந் தவறிய பிரயாணி அடுத்த அணி புறப்படும் வரை காத்திருப்பார். அது சில மணி நேரக் காத்திருப்பு. ஆயின், இத்தீவுகள் அனைத்துமே மூன்றரை ஆண்டுக் காலம் வழி பார்த்திருந்த காலமும் ஒன்று உண்டு.

பிழைப்பின் பொருட்டு வேற்றிடம் சென்றவன், அரசியல் கொந்தளிப்பினால் ஊர் திரும்ப இயலாமல் நின்றுவிடுவது எவ்வாறு? அப்போது அவன் இழப்பவை யாவை? தாய்நாட்டை விட்டு அகன்றிராத நிலையிலும் தாய்நாட்டுக்குத் திரும்ப முடியாது போன அந்தமான் மக்களின் வரலாறு இவ்வினாக்களுக்கு விடை தரும்.

இரண்டாம் உலக யுத்தத்தின்போது, 1942 பிப்ரவரி 15ஆம் நாள் சிங்கப்பூர் வீழ்ந்தது. மார்ச் 8ஆம் நாள் ரங்கூன் வீழ்ந்தது. அந்தமானிலிருந்த படையினரும் ஐரோப்பியருள் பெரும்பாலோரும் கப்பலேறி நீங்கினர். மார்ச் 23ஆம் நாள் ஜப்பானியர் போர்ட் பிளேரில் இறங்கினர். அலுவலர், வணிகர், விடுதலை பெற்றுக் குடியேறிய கைதிகள், காட்டிலே மரம் வெட்டிய கூலியாட்கள் ஆகியோர் தீவுகளிலேயே தங்கிவிட நேர்ந்தது. சென்னைக்கும் போர்ட் பிளேருக்கும் இடையே உள்ள கடல் ஏறத்தாழ 1,200 கிலோமீட்டர். தூரம் அன்றும் அதுவே, இன்றும் அதுவே. அதனைக் கடக்கும் கப்பல்தான் இல்லாது போயிற்று. மனிதன் திக்கற்று நிற்பது தூரத்தினால் அன்று, தொடர்பு அறுவதனால்தான் என்பதை இதிலிருந்து அறிகிறோம். பெருஞ்சாலை அமைக்கப்படாத அக்காலத்தில் பாராடாங் போன்ற உள் தீவுகளுக்குப் போர்ட் பிளேரை அடைவதற்கும் படகே துணை. தாயகம் இன்னும் ஒரு கடல் அப்பால் இருந்தது.

கப்பலுடன் முதலில் நின்றது செய்தி. தபால் இல்லாத இடத்தில் வதந்தி வளரும். வதந்தி வளர்ந்த இடத்தில் ஐயம் பிறக்கும். நீர்மூழ்கிக் கப்பல்கள் வழியே நேச நாட்டு ஒற்றர் வந்து போயினர் என்பது உண்மை. அதற்குத் தண்டனை பெற்றவர்களோ உள்ளூர் மக்கள். இந்தியச் சுதந்திரக் கழகத்தின் தலைவராக அங்கே விளங்கிய டாக்டர் திவான் சிங், சிறையிலே வதைக்கப்பட்டு 1944 ஜனவரி 14ஆம் நாள் உயிர் நீத்தார். அதே மாதம் 30ஆம் நாள் ஹம்ப்ரிகஞ்சில் 44 பேர் ஒற்றர் என்ற குற்றச்சாட்டின் பேரில் சுட்டுக் கொல்லப்பட்டனர். 1943 டிசம்பர் 30ஆம் நாள் நேதாஜி சுபாஷ் சந்திர போஸ் போர்ட் பிளேரில் கொடியேற்றியதும், ஆர்க்காடு துரைசாமி லோகநாதன் ஆசாத் ஹிந்த் அரசின் சார்பில் ஆணையராக வந்ததும் அக்காலத்தில்தான். எனினும் லோகநாதன் கைக்கு வந்தவை கல்வி முதலிய சில துறைகளே; காவல் துறை ஜப்பானியர் வசமே இருந்தது.

அடுத்து நின்றது உணவு. வெளியிலிருந்து வரும் அரிசியை நம்பிய தீவுகள் அவை. யுத்தத்தின் இறுதியில் நேச நாட்டினர் கடலை முற்றுகையிட, பஞ்சம் கடுமையாயிற்று. உணவுச் சுமையைக் குறைப்பதற்காக, 1945 ஆகஸ்டில் பயிர் செய்யும் இடத்திற்கு அழைத்துச் செல்வதாகக் கூறி, சில நூறு பேரை ஹேவ்லாக் தீவின் அருகே கொண்டு போய்க் கடலில் இறக்கிவிட்டனர். உயிர் தப்பியோர் மிகச் சிலர். அக்டோபரில் இந்தியப் படைகளை ஏற்றிய கப்பல்கள் வந்து சேர்ந்தன. 1941ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் 33,768 ஆக இருந்த அந்தமான் நிக்கோபார் மக்கள் தொகை, 1951இல் 30,971 ஆகக் குறைந்தது. இக்குறைவுக்குக் காரணங்கள் பலவாயினும் யுத்தக் காலத் துயரம் அவற்றுள் ஒன்று.

அந்தமானில் இருந்தவர்களுக்கு நடந்து போக வழி இல்லை. பர்மாவில் இருந்த நம் மக்களுக்கோ நடப்பது ஒன்றே வழியாயிற்று. அதே 1942இல் கப்பல் கட்டணம் செலுத்த வல்லவர் முன்னதாகப் புறப்பட்டனர். துறைமுகக் கூலிகளும் வயல் வேலையாட்களும் காடு மலை கடந்து இம்பால் திசையிலும் சிட்டகாங் திசையிலும் நடந்தனர். அவ்வாறு நடந்தோர் பல லட்சம். வழியில் மாண்டோர் பல்லாயிரம். வழி அடைபடுங்கால் முதலில் போகிறவன் பணம் படைத்தவன். கடைசியில் நிற்பவன் கூலியாள். எந்நாட்டிலும் இவ்வரிசை மாறுவது அரிது.

1962இல் பர்மாவில் இராணுவ ஆட்சி ஏற்பட்டு, 1964இல் கடைகள் நாட்டுடைமையாக்கப்பட்டபோது மீண்டும் பெருந்திரளாக மக்கள் தாயகம் வந்தனர். வந்தவர்களுள் சிலர், பிறந்து வளர்ந்த பர்மாவே தம் ஊர் என்று கருதி, மணிப்பூர் வழியே நடந்து திரும்ப முயன்றனர். எல்லையிலே தடுக்கப்பட்ட அவர்கள் மோரே என்ற ஊரிலேயே தங்கிவிட்டனர். இன்றும் அங்கே தமிழ்க் குடும்பங்களும் அங்காள பரமேஸ்வரி கோயிலும் உள்ளன. நடக்கக் காலும், துணிய மனமும் அவர்களுக்கு இருந்தன. இந்த நாட்டார் என்று காட்டும் சான்று மாத்திரம் இல்லை. ஆகவே கப்பல், செய்தி, உணவு என்னும் மூன்றுடன் நான்காவதாகச் சான்றையும் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

பிற்காலத்தில் இந்நான்கையும் அரசாங்கமே முன்னின்று அளித்த நிகழ்ச்சிகளும் உண்டு. 1990இல் ஈராக் குவைத்தைக் கைப்பற்றியபோது, ஜோர்டான் நாட்டின் அம்மான் நகர் வழியாக ஏறத்தாழ 1,70,000 இந்தியர் விமானங்களில் மீட்கப்பட்டனர். 2023இல் சூடானில் உள்நாட்டுச் சண்டை மூண்டபோது, காவேரி என்று பெயரிடப்பட்ட முயற்சியினால் 3,800க்கு மேற்பட்டோர், பெரும்பாலும் துறைமுகத்திற்கு வரவழைக்கப்பட்டு, கப்பலிலும் விமானத்திலும் ஜெட்டா வழியே தாயகம் சேர்ந்தனர். பாஸ்போர்ட்டை இழந்தவருக்கு இந்தியத் தூதரகம் ஒருவழிப் பிரயாணத்திற்குரிய அவசரச் சான்றிதழ் வழங்குகிறது. ஆனால், எவர் எங்கே இருக்கிறார் என்று தெரிந்தாலன்றோ உதவி சென்று சேரும்? தூதரகத்தில் முன்னரே பெயரைப் பதிந்து வைப்பதன் பயன் இதுவே.

இவை கடல் கடந்தோருக்கு மட்டும் உரியன என்று எண்ணுதல் வேண்டா. 2016 செப்டம்பரில் காவிரிப் பிரச்சினையை ஒட்டிப் பெங்களூரில் கலவரம் எழுந்தபோது, மாநிலங்களுக்கிடையே பேருந்துகள் நின்றன. பிரயாணிகள் மூட்டை முடிச்சுகளுடன் அத்திப்பள்ளியிலிருந்து ஓசூர் நோக்கி எல்லையை நடந்தே கடந்தனர். 2023இல் மணிப்பூரில் மூண்ட கலவரம் மோரேயையும் விடவில்லை. ஒரே நாட்டிற்குள்ளும் வழி அடைபடக்கூடும்.

வேற்று மாநிலங்களில் வாழும் தமிழன்பர்களுள் பலர் நெடுங்காலம் வேரூன்றியவர்கள். வீடும் தொலைபேசியும் நண்பர் துணையும் உடையவர்கள். அவர்களுக்கு ஆபத்துக் காலத்திலும் ஏதேனும் ஒரு வழி திறக்கும். சென்ற மாதம் வந்திறங்கிய கட்டட வேலையாளுக்கு அவ்வூரின் மொழியும் தெரியாது. அவன் பெயரும் எவர் ஏட்டிலும் இராது. ஒவ்வோர் ஊர்த் தமிழ்ச் சங்கமும் பொங்கல் விழாவுக்கு நன்கொடையாளர் பட்டியலைத் தயாரிப்பது போலவே, அத்தகையோரின் பெயர், சொந்த ஊர், வீட்டாரின் தொலைபேசி எண் ஆகியவற்றைக் குறித்த ஏடு ஒன்றையும் வைத்துக்கொள்ளலாம். அமைதியான நாட்களில் ஒரு மாலை நேர வேலையே அது. வழி அடைபடும் நாளில், கடைசியாக நிற்பவனைத் தேடிச் செல்வோருக்கு அவ்வேடு வழிகாட்டும்.